கிலோ பதினெட்டு

ராமேஸ்வரத்து லாட்ஜுகளில்
தீர்த்தமாட வந்தவர்கள் விட்டுப்போகும் இங்கிலீஷ் பேப்பர்
பழைய கடையில் கிலோ பதினெட்டு.
தமிழை விட இரண்டு ரூபாய் கூட.
‘தாள் கனம்’ என்றார் சுல்தான் பாய்.
பள்ளிக்கூட நாளிலிருந்தே
எனக்கும் அப்படித்தான் கனத்தது.

மூன்று கிலோவை மடியில் வைத்துப் பஸ்ஸில் பாம்பன் வந்தேன்.

ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள் நான்.
இரவு ஏழரைக்கு ஏலக்கொட்டகையில்
டியூப்லைட் எரிந்தால் அதில்,
எரியாவிட்டால் செல்போன் வெளிச்சத்தில் வகுப்பு.
நம்புத்தாய், சீனியம்மாள், ரோஸ்லின், அவள் நாத்தனார் பெனிட்டா.
பாசி எடுக்கிறவர்கள்.
பாறை கிழித்த விரல்களில் துணி சுற்றியிருக்கும்;
பேனா அந்தத் துணியில்தான் நிற்கும்.

எடைச்சீட்டு இங்கிலீஷில் வருகிறது.
காய்ந்த பாசியில் ஈரமென்று
எத்தனை கிலோ கழித்தான் என்பது
அதில் எங்கேயோ இருக்கிறது.
அந்த இடத்தைக் காட்டச் சொன்னார்கள்.
அவ்வளவுதான் கேட்டது.

முதலில் பாடப்புத்தகம்தான் கொண்டுபோனேன்.
அதில் ஒரு பையன் பந்தோடு பூங்காவுக்குப் போனான்.
மறுநாளும் போனான்.
‘இவன் எப்ப வேலைக்குப் போவான்?’ என்றாள் சீனியம்மாள்.
அன்றோடு மூடினேன்.

பேப்பரில் வானிலைக் கட்டம்.
மாடரேட் என்றால் மிதமான காற்று என்றேன்.
நம்புத்தாய் தேதியைக் கேட்டாள்,
விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.
‘அன்னைக்குக் கச்சான் எங்க கூரையைத் தூக்கிப் போட்டுச்சு.
எழுதுனவன் எந்த ஊர்ல இருந்தான்?’
பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அடித்தாள்.
என் வகுப்பின் முதல் சிவப்புக் கோடு
பேப்பருக்கு விழுந்தது.

யாரோ ஒரு யாத்ரீகர் பாதி நிரப்பிய குறுக்கெழுத்து.
காப்பிக்கறைக்குப் பக்கத்தில்
கப்பலை நிறுத்துவது, ஆறு எழுத்து,
வெறுமையாகக் கிடந்தது.
‘நங்கூரத்துக்கு என்ன?’ என்றாள் பெனிட்டா.
ஆங்கர்.
ஆறு கட்டமும் அடைந்தது.
ரோஸ்லினுக்கு மட்டும் எச் மேல் சந்தேகம்:
‘வாயில வராத எழுத்துக்கு எதுக்குக்கா ஒரு கட்டம்?’
எனக்குப் பதில் தெரியவில்லை.
‘சும்மா ஏறிக்கிட்டுப் போறவன் எல்லாப் போட்டிலயும் உண்டு’
என்றாள் சீனியம்மாள்.
இலக்கணத்தில் அப்படி ஒரு விதி இருந்தால் நன்றாயிருக்கும்.

பிறகு ஒரு நாள் தலைப்புச் செய்திகள்.
‘போட் கேப்சைசஸ், ஒன் மிஸ்ஸிங்.’
கொல்லத்துப் பக்கத்துப் படகு. எங்கள் கரை இல்லை.
பார்த்து எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை.
பாதி வாசித்த பின் நிறுத்தவும் முடியாமல்
வாத்தியார் குரலில் சொன்னேன்:
நேற்றே கவிழ்ந்ததுதான்.
ஆனாலும் கவிழ்கிறது என்றுதான் போடுவார்கள்.
தலைப்புக்கு இறந்த காலம் கிடையாது.

பெனிட்டா ரோஸ்லினைப் பார்க்கவில்லை.
ஒருத்திக்கு அண்ணன், ஒருத்திக்குப் புருஷன்,
மூன்று வருஷம்.
ஜெட்டியில் ஏதோ ஒரு எஞ்சின் இருமி இருமி அணைந்தது.
‘சரியாத்தான் எழுதியிருக்கான்’ என்றாள் ரோஸ்லின்.
நோட்டில் எழுதிக்கொண்டாள், எஸ் முதற்கொண்டு.

பாடம் முடிந்த தாளெல்லாம் கருவாடு பொதியப் போகும்.
அன்று யாரும் தாள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஏஜெண்டு எடைக்கு வந்தான்.
சீனியம்மாள் சீட்டை வாங்கினாள்,
தலைகீழாக இருந்ததைத் திருப்பினாள்,
மேலிருந்து நாலாவது வரியில் விரலை வைத்தாள்.
‘மாய்ஸ்சர் ஃபிஃப்டீன். வொய்?’

அவன் பாசியைப் பார்த்தான்.
நாலு நாள் வெயில் தின்ற பாசி,
கையில் எடுத்தால் நொறுங்கும்.
பத்து என்று மாற்றி எழுதினான்.
‘இதெல்லாம் யாரு சொன்னா உனக்கு?’

‘பேப்பர்ல போட்டிருக்கு’ என்றாள்,
சாக்கை உதறிக்கொண்டே.